கூறு போட்டுப் படித்த அறிக்கை

“இன்னைக்குக் காலையில நானூத்திப் பத்துப் பக்கம் படிச்சு முடிச்சோம். நாப்பது நிமிஷம் ஆச்சு. அப்புறம் பட்டாணி சூப் குடிச்சிட்டு, தட்டெல்லாம் கழுவி வெச்சிட்டு, கிளம்பி வந்துட்டோம்” என்றாள் ரைலி.

ஃபின்லாந்தில் எங்கள் வட்டாரத்துச் சபைக் கூட்டங்கள் எப்போதுமே சத்தமில்லாதவை. ஒருவர் பேசினால் கூட்டம், இருவர் பேசினால் கலவரம் என்பது இங்கே கணக்கு. ஆனால் அந்த வியாழக்கிழமை பிற்பகல் விழுந்த மௌனம் தனி ரகம். பதினேழு உறுப்பினர்களும் ஏலக்காய் ரொட்டியைக் கடித்த வாயோடு, மெல்லாமல், விழுங்காமல் அப்படியே இருந்தார்கள்.

மேசைக் கோடியிலிருந்து சிரித்தவர் கலெர்வோ ப்யூக்கோ. சபையின் வளர்ச்சி மேலாளர். எதை வளர்க்கிறார் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. ‘தனிமனித, சமூக மேம்பாட்டில் வாசிப்பின் முக்கியத்துவம்’ என்ற நானூற்றுப் பத்துப் பக்க அறிக்கை, ஒரு கம்பெனி எழுதிக்கொடுக்க, அவர் பொறுப்பில்தான் வெளிவந்திருந்தது. சென்ற இலையுதிர் காலத்தில் சபை அதை ஒரே குரலில், ஒரே நிமிடத்தில், ஒரு கேள்விகூட இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

“ரைலி அம்மா, அந்த அறிக்கையை நான் நாலு மாசம் உக்காந்து பாத்திருக்கேன். நாப்பது நிமிஷத்துல அதைப் புரட்டக்கூட முடியாது” என்றார்.

“நீங்க ஒரு ஆளு. நாங்க நாப்பத்தோரு பேரு” என்றாள் ரைலி.

அவளுக்குப் பின்னால், சுவரோரமாக, ஹியெட்டாவாரா ஊரே உட்கார்ந்திருந்தது. ஊரே என்றால் ஊரேதான். தொண்ணூற்றாறு வயது இம்பி முதல் பிறந்து ஒன்பது வாரமே ஆன வென்லாக் குழந்தை வரை. ஊரில் காவலுக்கு ஒரு நாய் மட்டும் இருந்தது. அதுவும் வருகிறேன் என்றுதான் அடம்பிடித்ததாம்.

விஷயம் இதுதான். ஹியெட்டாவாராவில் பள்ளிக்கூடம் மூடி இருபது வருடம். கடை மூடிப் பன்னிரண்டு வருடம். தபால் நிலையம் எப்போது மூடியது என்பதைத் தெரிவிக்கும் தபாலே இன்னும் வந்து சேரவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பதினான்கு நாளுக்கு ஒருமுறை வந்து, ஒருகாலத்தில் பால் கேன்கள் வைத்த பழைய மேடைக்குப் பக்கத்தில் இருபத்தைந்து நிமிடம் நிற்கும் நூலக பஸ்.

ஏரியின் கடைசி முனையில் தனியாக இருக்கும் ரைலி ஒரு தடவைக்குப் பதினான்கு புத்தகம் எடுப்பாள். நாளுக்கு ஒன்று. ஒருமுறை பனிப்புயலால் பஸ் வரவில்லை. பதினைந்தாம் நாள் அவள் ஷாம்பு புட்டியின் பின்பக்கத்தைப் படித்தாள். பதினாறாம் நாள் முள்ளங்கி விதைப் பொட்டலம். பதினேழாம் நாள் குளிர்பதனப் பெட்டியின் விளக்கக் கையேட்டை ஸ்வீடிஷில் படித்து, நடுவில் கண் கலங்கினாள் என்று ஊரில் சொல்வார்கள். புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இருபத்தைந்து நிமிடம்தான் அவள் மனித முகங்களோடு பேசும் நேரம். பஸ் நின்றுபோனால் அவள் குரலும் துருப்பிடித்துப் போகும்.

அப்படிப்பட்டவளுக்குப் புதன்கிழமை ஒரு கனத்த உறை வந்தது. ஊர்ச் சங்கத்தின் செயலாளர் என்பதால் அவள் பெயருக்கு. உள்ளே கம்பிச் சுருளில் கோத்த அறிக்கை, மேலே ஒற்றைத் தாளில் கடிதம். கடிதத்தின் முதல் வரியை அவள் மூன்று முறை படித்தாள்.

‘வாசிப்பின் அளவற்ற முக்கியத்துவத்தை முன்னிட்டு, நூலக பஸ் இனி உங்கள் ஊரில் நிற்காது.’

அடுத்த வரி இன்னும் அழகு. அறிக்கையை முழுமையாகப் படித்த ஊர்மக்கள் மட்டும் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நேரில் வந்து கருத்துச் சொல்லலாம். கடிதம் எழுதப்பட்ட தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. வந்து சேர்ந்தது முந்தைய நாள். இடையில் கிடந்தது நானூற்றுப் பத்துப் பக்கம்.

ரைலி நேராக அவுலிஸின் வீட்டுக்குப் போனாள். அவுலிஸ் பனிமான் வளர்ப்பவன். வேட்டைச் சங்கத்தின் தலைவனும் அவனே. அவன் அறிக்கையைக் கையில் வாங்கி எடை பார்த்தான்.

“ரெண்டு கிலோ இருக்கும். எலும்பு ஜாஸ்தி.”

“விளையாடாத. நாளைக்குள்ள இதை யாரு படிக்கிறது? நானே ராப்பகலா உக்காந்தாலும் பாதி தாண்டாது.”

“நீ ஏன் தனியா படிக்கணும்? போன அக்டோபர்ல அடிச்ச மூஸ் மானை நீ தனியாவா தின்ன?”

ரைலிக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வேறு எதில் சண்டை வந்தாலும், மூஸ் மானைக் கூறு போடுவதில் மட்டும் வராது. வேட்டைச் சங்கத்துக் கொட்டகையின் நீள மேசையில் இறைச்சியைச் சமமாகக் கூறு வைப்பார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். அவ்வளவுதான். தொடையோ கழுத்தோ, வந்தது வந்ததுதான். முணுமுணுப்பு கிடையாது.

வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கொட்டகையில் ஊர் கூடியது. மேலே இறைச்சிக் கொக்கிகள், கீழே இரும்பு மேசை. அவுலிஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டு அறிக்கையின் கம்பிச் சுருளை ஒரே இழுப்பில் உருவினான். தோலுரிப்பதில் அவனுக்கு ஐம்பது வருட அனுபவம். பத்துப் பத்துப் பக்கமாக நாற்பத்தொரு கூறு. இம்பிப் பாட்டியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள்.

“இது யாருக்கு?”

“வென்லாவுக்கு!”

“அது கைக்குழந்தை பாட்டி.”

“ஊர்ல ஒரு ஆளுதானே? அவ அப்பன் சத்தமாப் படிக்கட்டும், அவ கேக்கட்டும். இறைச்சிக்கு மட்டும் அவ பேரைச் சேத்தீங்க?”

அவுலிஸ் அந்தக் கூறை வென்லாவின் அப்பனிடம் நீட்டினான். எண்பத்தொன்று முதல் தொண்ணூறு வரை வென்லாவுக்குப் போனது. நூற்றுத் தொண்ணூற்றொன்றிலிருந்து பத்துப் பக்கம் அவுலிஸுக்கு. இருநூற்றுத் தொண்ணூற்றொன்றிலிருந்து முந்நூறு வரை ரைலிக்கு. அதற்கு அடுத்த பத்துப் பக்கம் யாருக்குப் போனது என்று தெரிந்ததும் கொட்டகையே ரைலியின் முகத்தைப் பார்த்தது. அது உர்ப்போவுக்கு விழுந்திருந்தது.

உர்ப்போ ரைலியின் பக்கத்து வீட்டுக்காரன். பக்கத்து வீடு என்றால் எழுநூறு மீட்டர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற பிர்ச் மரத்தை அவன் ஒருநாள் கேட்காமல் வெட்டினான். மரம் தன்னுடையது என்றான் அவன். தன் சானாவில், அந்த நீராவிக் குளியலறையில், உடம்பைத் தட்டிக்கொள்ளக் கிளை ஒடித்த மரம் என்றாள் அவள். அன்றோடு பேச்சு நின்று பதினேழு வருடம். நூலக பஸ்ஸில்கூட ஒருவர் இறங்கிய பிறகே மற்றவர் ஏறுவார். வாசிப்பு மனிதர்களை எப்படியெல்லாம் பண்படுத்துகிறது பாருங்கள்.

ஒன்பதரைக்குப் படிக்கத் தொடங்கினார்கள். பத்து நிமிடம் தாள்கள் மட்டும் புரண்டன. பிறகு ஒவ்வொரு மூலையிலிருந்தும் சத்தம் கிளம்பியது.

“பஸ்ஸை யாரும் தொட மாட்டாங்க. இதுல புத்தகம்னா உசிருன்னு எழுதியிருக்கான். படிக்கிறப்போ எனக்கே அழுகை வருது” என்றார் இம்பி. அவர் கையில் பதினொன்றாம் பக்கம் இருந்தது.

“உங்க உசிரை முந்நூத்தி எழுபதாம் பக்கத்துல எடுத்துட்டான் பாட்டி” என்றது மறுகோடியில் ஒரு குரல்.

“வாயை மூடு! முடிவை முன்னாடியே சொல்லாதே!”

வென்லாவின் அப்பன் ‘வாசிப்புச் சூழலமைவின் பல்லடுக்கு ஒருங்கிணைப்பு’ என்று உரக்க வாசித்தான். குழந்தை வீறிட்டு அழுதது. அன்று அந்த அறிக்கைக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

அவுலிஸ் மட்டும் தன் பத்துப் பக்கத்தை விட்டு நிமிரவே இல்லை. அவன் முகம் சிவந்துகொண்டே போனது. மாரடைப்போ என்று ரைலி பயந்து அருகில் போனாள்.

“என்னடா ஆச்சு?”

“ரைலி, இதைப் படி. நான் படிச்சா நம்ப மாட்ட.”

அவள் படித்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வழியச் சிரித்ததில் மேலே கொக்கிகள் ஆடினவாம்.

நாற்பதாவது நிமிடத்தில் எல்லோரும் தாளைக் கவிழ்த்துவிட்டார்கள், ரைலியைத் தவிர. அவள் தன் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியிலேயே நின்றாள். ‘நூலக பஸ்ஸின் எந்த நிறுத்தத்தையும் நீக்குவதற்கு முன்பு’ என்று அந்த வரி பாதியில் அறுந்திருந்தது. மீதி அடுத்த பக்கத்தில். அடுத்த பக்கம் உர்ப்போவின் முழங்காலில்.

ஊரே காபி ஊற்றுவதுபோல் பாவனை செய்துகொண்டு அவளையே பார்த்தது. யார் கோப்பையிலும் காபி இறங்கவில்லை. ரைலி எழுந்தாள். கொட்டகையின் அகலம் ஒன்பது மீட்டர். அதைக் கடக்க அவளுக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

“உன் முதல் வரி என்ன?” என்றாள்.

உர்ப்போ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். “பதினேழு வருஷம் கழிச்சு வாயைத் தொறந்து கேக்குற கேள்வி இதுதானா?”

“மரத்தைப் பத்திக் கேக்கலாம். ஆனா ரெண்டு மணிக்குக் கூட்டம்.”

“அந்த மரம் உள்ளே செல்லரிச்சுப் போயிருந்துது. உன் சானா மேலதான் விழுந்திருக்கும்.”

“அதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“நீ கேக்கலியே.”

“இப்போ வரியைக் கேக்குறேன். வாசிப்பியா மாட்டியா?”

உர்ப்போ தொண்டையைக் கனைத்தான். தாளை நேராக்கினான். வேண்டுமென்றே, ஒவ்வொரு சொல்லாக, பாதிரியார் பைபிள் வாசிப்பதுபோல வாசித்தான். அவன் முடித்ததும் ரைலி அவன் தோளை ஒரு தட்டுத் தட்டினாள். அதைக் கட்டித் தழுவினாள் என்றே ஊர் பிறகு பேசியது. எங்கள் பக்கத்தில் தோளைத் தட்டுவது கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம்.

இப்படியாக நாற்பத்தொரு பேரும் வேன்களிலும் கார்களிலும் ஏறி, அறுபது கிலோமீட்டர் கடந்து, இந்தக் கூட்ட அறைச் சுவரோரம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கலெர்வோவோ இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

“சரி, சோதிச்சுப் பாத்துடுவோம்” என்றார். மேசைமேல் பளபளவென்றிருந்த தன் பிரதியைச் செல்லமாகத் தட்டினார். “பன்னெண்டாம் பக்கம். என்ன இருக்கு?”

சுவரோரம் இம்பி கைத்தடியை ஊன்றி எழுந்தார். “அது என்னோடது. வாசிப்பவர் ஒரு மரம், வேர் ஒரு சமூகம்னு எழுதியிருக்கீங்க. அதே வரி பதினாலாம் பக்கத்துல இன்னொரு தடவை வருது. பத்தொம்பதுலயும் வருது. கிழவி எனக்குத்தான் மறதின்னு பாத்தேன். உங்களுக்குமா?”

யாரோ இருமினார்கள். கலெர்வோ அவசரமாக வேறு எண்ணுக்குத் தாவினார். “எண்பத்தேழு!”

“அது வென்லாவோடது” என்று அப்பன் எழுந்தான். “பூரா ஒரு வட்டமும் பதினோரு அம்புக்குறியும். எந்த அம்பும் எங்கேயும் போய்ச் சேரல.”

“ஏதோ பாத்துட்டு வந்திருக்காங்க” என்று கலெர்வோ சபைத் தலைவியிடம் திரும்பினார். அவர் பெயர் மார்கெட்டா. கண்டிப்பானவர், ஆனால் சலிப்பு அதைவிட அதிகம். “யாரோ நாலு பேரு நாலு பக்கத்தைப் படிச்சிருக்கலாம். மொத்த ஊரும் மொத்த அறிக்கையையும் படிச்சதுங்கிறது சும்மா. நூத்தித் தொண்ணூத்தி மூணு! அதைச் சொல்லுங்க பாப்போம்.”

சுவரோரம் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. அவுலிஸ் நிதானமாக எழுந்து, தன் பத்துப் பக்கத்தை விரித்தான்.

“‘இலையுதிர் காலத் தொடக்கத்தில் வாசகர்கள் அனைவருக்கும் குடற்புழு மருந்து கொடுக்கப்பட வேண்டும்.’”

ஏலக்காய் ரொட்டி ஒன்று தட்டில் விழுந்தது.

“இன்னும் இருக்கு” என்றான் அவுலிஸ். “‘இளம் வாசகர்களின் காதில் உரிமையாளரின் அடையாளக் கீறல் போட வேண்டும். ஆண் வாசகர்கள் கொம்பு உதிரும் பருவத்தில் மூர்க்கமாக இருப்பர். அவர்களை வேலிக்குள் தனியே அடைத்தல் நலம்.’ தம்பி, நான் அம்பது வருஷமா பனிமான் வளக்கிறேன். இது நம்ம வட்டாரத்துக்குப் பனிமான் பராமரிப்புன்னு வந்த பழைய அறிக்கை. எழுதிக் குடுத்த கம்பெனி, பனிமான்னு இருந்த இடத்திலெல்லாம் வாசகர்னு மாத்திக் குடுத்திருக்கு. நீங்க பதினேழு பேரும் கை தூக்கி ஏத்துக்கிட்டீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். புழு மருந்தை பஸ்ல குடுப்பீங்களா, நாங்க வந்து வாங்கிக்கணுமா?”

“அப்படியெல்லாம் அதுல இல்ல!” கலெர்வோ தன் பிரதியை வெடுக்கென்று எடுத்தார். திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அச்சகத்தில் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் உறை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. பளபளவென்றிருந்ததன் ரகசியம் அதுதான்.

அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நகத்தால் கீறினார், பல்லால் கடித்தார். கடைசியில் அவுலிஸ் முன்னால் வந்து மரியாதையாகக் கத்தியை நீட்டினான். பிளாஸ்டிக் கிழிந்த சத்தம் பனிமூடிய ஏரி பிளக்கும் சத்தம்போல் இருந்தது. இதற்குள் மற்ற உறுப்பினர்களும் தங்கள் பிரதிகளைத் தேடினார்கள். ஒன்று காபிக் கெண்டிக்கு அடியில் இருந்தது. ஒன்று ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தது. மீதி, சுருக்கமாக எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை மட்டும் படித்தவர்களின் வீட்டில்.

கலெர்வோ நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தை உதட்டசைவில் படித்தார். அவர் காதுகள் சிவந்தன. அடையாளக் கீறல் இல்லாத காதுகள்.

“இது... அச்சுப் பிழை” என்றார். “பஸ் விஷயம் வேற. அது முடிவானது. அட்டவணை முந்நூத்தி எழுபதாம் பக்கத்துல தெளிவா இருக்கு.”

அட்டவணை என்றதும் ரைலி தன் தாள்களைப் புரட்டினாள். பனிமான் கூத்துக்கு ஊரெல்லாம் சிரிக்கலாம், செய்தித்தாள்கூடச் சிரிக்கலாம். ஆனால் சிரிப்பை வைத்து பஸ்ஸைத் தக்கவைக்க முடியாது. அவள் தன் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“முந்நூறாம் பக்கம், கடைசி வரி” என்றாள். “‘நூலக பஸ்ஸின் எந்த நிறுத்தத்தையும் நீக்குவதற்கு முன்பு...’”

உர்ப்போ அவள் பக்கத்தில் வந்து நின்றான். “‘...சபை உறுப்பினர் அனைவரும் அந்த ஊருக்கு நேரில் சென்று, பஸ் வந்து நிற்கும் நேரம் முழுவதும் அங்கேயே இருந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவரை பழைய அட்டவணையே நீடிக்கும்.’ நீங்க ஏத்துக்கிட்ட அறிக்கை. முந்நூத்தி ஒண்ணாம் பக்கம்.”

மார்கெட்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கிழிந்த பிரதியைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு பக்கத்தையும் தானே படித்தார். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்தார். “ஹியெட்டாவாராவுக்கு யாராவது போயிருக்கீங்களா?”

ஒருவர், “அது நம்ம வட்டாரத்துலதான் இருக்கா?” என்றார்.

“ரோடு மோசம்” என்று சுவரோரமிருந்து உர்ப்போ ஆறுதல் சொன்னான். “பஸ் வர்றது வியாழக்கிழமை. ஜனவரியில வந்தா முப்பத்தெட்டு டிகிரி குளிர் இருக்கும், பூஜ்ஜியத்துக்குக் கீழ. இருபத்தஞ்சு நிமிஷம் வெளிய நின்னு பாக்கலாம்.”

பதினேழு பேரின் முகத்திலும் ஹியெட்டாவாராவின் பஸ்மேல் அளவில்லாத பாசம் பொங்கியது. நிறுத்தம் அப்படியே நீடிக்கட்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். பதினாறு பேர் வழிமொழிந்தார்கள். ரைலி நாற்காலியில் உட்கார்ந்தாள். யாருக்கும் தெரியாமல் விரல் விட்டு எண்ணினாள். அடுத்த வியாழன் பஸ் வரும். பதினான்கு புத்தகம். இருபத்தைந்து நிமிடம். இனி உர்ப்போ இறங்கும்வரை காத்திருந்து வீணாக்க வேண்டிய நிமிடமும் இல்லை.

“ஒரே ஒரு சிக்கல்” என்றார் மார்கெட்டா. “முழுசாப் படிச்சவங்க சொல்ற கருத்தைத்தான் சபை ஏத்துக்க முடியும். குறிப்பேட்டுல எழுதணும். கலெர்வோ, உங்க சந்தேகம் இன்னும் இருக்கா?”

கலெர்வோ விடவில்லை. வளர்ச்சி மேலாளருக்கும் மானம் உண்டு. “நானூத்திப் பத்து!” என்றார். கடைசிப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவருக்கு நிச்சயம்.

மூலையில் தூங்கிக்கொண்டிருந்த சுலோ என்ற கிழவனை இரண்டு பேர் உலுக்கினார்கள். அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: “நன்றி சொல்ற பக்கம். பொறுமையா இருந்த மனைவிக்கு நன்றி. இந்த அறிக்கையை ஒரு சொல் விடாமப் படிச்சுத் திருத்திக் குடுத்த கலெர்வோ ப்யூக்கோவுக்குத் தனி நன்றி.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. குறிப்பெழுதும் பெண் பேனாவை உயர்த்திக் காத்திருந்தாள். கலெர்வோ சுவரோரத்து நாற்பத்தொரு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக வென்லாவைப் பார்த்தார். அவள் தன் பக்கங்களில் ஒன்றின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“எழுதிக்கோங்க” என்றார், மேசையைப் பார்த்தபடி. “படிச்சிருக்காங்க. எல்லாரும். நானூத்திப் பத்துப் பக்கமும்.” பேனா ஓடி நின்றது. அவர் நிமிர்ந்து ரைலியைப் பார்த்தார். “நாப்பது நிமிஷம்னும் போட்டுக்கோங்க. நடந்தது உண்மைதான்.”